ஷேட் நெட் போட்டா ஊட்டி மேகம் ஆயிடுமா? மலைச் செடிக்கு மேகம் என்னதான் பண்ணுது?

திருப்பாப்புலியூர் மாடிக்காரன்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கோங்க.

போன டிசம்பர்ல குடும்பத்தோட ஊட்டி போயிருந்தோம். மூணு நாள் இருந்ததுல ரெண்டு நாள் மப்புதான், எதிர்ல வர்ற பஸ்ஸே தெரியல, ஆனா ரோட்டோரத்துல இருக்கற செடி எல்லாம் பாத்தா கொழுகொழுன்னு நிக்குது. வெயிலே இல்லாம இதுங்க எப்படி சமைச்சு சாப்பிடுதுன்னு எனக்கு ஒரே ஆச்சரியம். வர்ற வழியில நர்சரியில அசேலியா ரெண்டு, ஃபுக்சியா ஒண்ணு வாங்கினு வந்துட்டேன். வீட்டம்மா அப்பவே சொன்னாங்க, கடலூர் வெயில்ல இது தாங்காதுன்னு. நான்தான் ஷேட் நெட் போட்டா மேகம் போட்ட மாதிரிதானேன்னு வாய் பேசிட்டேன்.

மொட்டை மாடியில 75 சதவீத பச்சை நெட் கட்டினேன், காலையில சாயந்திரம் தண்ணி தெளிச்சேன். ஃபுக்சியா மார்ச்லயே காலி. அசேலியா ஒண்ணு ஏப்ரல், இன்னொண்ணு கத்திரி ஆரம்பிச்ச வாரம்.

இதுல எனக்குப் புரியாத விஷயம் என்னன்னா, ஊட்டியில மப்பு போட்டப்ப சும்மா போன்ல வெளிச்சத்தை அளக்கற லக்ஸ் ஆப் வச்சு பாத்தேன், 25 ஆயிரம் பக்கம் காட்டுச்சு. இங்க நெட்டுக்கு அடியில மத்தியானம் பாத்தாலும் அதே 25, 27 ஆயிரம்தான். வெளிச்சம் ஒண்ணுதானே, அப்புறம் அங்க பொழைச்சது இங்க ஏன் செத்துச்சு? என் மச்சான் வேற, அல்பைன் செடிக்கு மேகம்தான் சாப்பாடு, வெயில் பட்டா விஷம்னு ஒரு தியரி விட்டுனு திரியறான். மேகம் போட்டா வெளிச்சம் கொறையுது, வெளிச்சம் கொறைஞ்சா செடிக்கு நஷ்டம்தானே, அது எப்படி நல்லதாகும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இன்னொண்ணு. மூணாவது நாள் ராத்திரி வானம் பளிச்சுனு இருந்துச்சு, நட்சத்திரம் எல்லாம் தெரிஞ்சுது. காலையில எழுந்து பாத்தா புல்லு மேல, கார் கண்ணாடி மேல எல்லாம் உப்பு கொட்டின மாதிரி வெள்ளையா உறைபனி. மப்பு போட்ட ராத்திரியில அந்த அளவுக்குக் குளிரவே இல்லையே, இது எப்படி?

---

ஓட்டி பையன்:

அண்ணா, கடலூர்ல இருந்துகினு அசேலியா வளக்குறது வஞ்சிர மீனை மாடித் தொட்டியில வளக்குற மாதிரி 😂 சரி நானும் ஃபாலோ பண்றேன், பதில் வந்தா படிக்கறேன்.

---

லாஸ்பேட்டை லதா:

காலேஜ்ல பாட்டனி எடுக்கறவ, அதனால கொஞ்சம் நீட்டிடுவேன்.

முதல்ல ஒரு சின்ன திருத்தம், உங்க மச்சானுக்கு. ஊட்டி அல்பைன் கிடையாது. குளிர்னால மரமே வளர முடியாத உயரத்துக்கு மேல இருக்கறதுதான் அல்பைன். தொட்டபெட்டா உச்சியே 2637 மீட்டர்தான், அங்க மரம் நிக்குதே. நம்ம நாட்டுல அல்பைன் பாக்கணும்னா இமயமலையில சுமாரா 3500 மீட்டருக்கு மேல போகணும். ஆனா உங்க கேள்வி ரெண்டுக்கும் பொருந்தும்.

நீங்க கடைசியா கேட்டதுலதான் பாதி பதில் இருக்கு, அதனால அங்க இருந்தே ஆரம்பிக்கறேன். இலை, மண்ணு, கார் கண்ணாடி எல்லாமே ராத்திரி பூரா வானத்தைப் பாத்து வெப்பத்தை விட்டுனே இருக்கும். மேகம் இருந்தா அதுவும் பதிலுக்கு கீழ வெப்பத்தை அனுப்பும், போர்வை போத்தின கணக்கு. மேகம் இல்லன்னா போன வெப்பம் போனதுதான், இலை சுத்தி இருக்கற காத்தை விடவே சில டிகிரி கீழ எறங்கிடும். அதனாலதான் காத்து 2 டிகிரியில இருந்தாக்கூட புல்லு மேல ஐஸ் புடிக்குது. மலைச் செடிக்கு மேகம் முதல்ல ராத்திரி காவக்காரன், வெளிச்சத்தை மறைக்கற கதை எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

அடுத்த நாள் காலையில என்ன ஆகுது பாருங்க. ராத்திரி உறைஞ்ச இலைக்குள்ள சர்க்கரை செய்யற என்சைம் எல்லாம் குளிர்ல விறைச்சுக் கெடக்கு, ஆனா பச்சையம் குளிரு கிளிரு பாக்காது, வெளிச்சம் பட்டவுடனே சக்தியைப் புடிச்சு உள்ள தள்ளும். வாங்கற எடம் மூடியிருக்கறப்போ சரக்கு லாரி லாரியா வந்து எறங்கினா என்ன ஆகும், வாசல்லயே அழுகும் இல்ல, அந்த மாதிரி மிச்ச சக்தி இலையோட உள்ள இருக்கற எந்திரத்தையே சிதைக்கும். இதை ஃபோட்டோ இன்ஹிபிஷன்னு சொல்லுவோம். நீலகிரியில சோலைக்காடும் புல்வெளியும் கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு நிக்குது இல்ல, சோலை மரத்தோட கன்னு புல்வெளிக்குள்ள வந்து பொழைக்காததுக்கு இந்த உறைபனியும் அதுக்கு அடுத்த காலை வெயிலும் முக்கியமான காரணம். அந்தக் காலை நேரத்துல ஒரு மேகம் வந்து மறைச்சா, என்சைம் சூடாகி எழுந்துக்க டைம் கிடைக்கும். உங்க மச்சான் சொன்ன "வெயில் விஷம்" இந்த ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் உண்மை.

லக்ஸ் கதைக்கு வர்றேன். மேகத்துக்கு அடியில நின்னு கீழ பாருங்க, உங்க நிழல் தெரியாது. வெளிச்சம் எல்லாப் பக்கத்துல இருந்தும் வருது. மேல் இலை, கீழ் இலை, செடிக்கு உள்ள ஒளிஞ்சிருக்கற இலை எல்லாத்துக்கும் பங்கு போகுது. வெறும் வெயில்ல மேல் இலைக்கு வயிறு ரொம்பி வழியுது, கீழ் இலை பட்டினி. பெரும்பாலான செடிக்கு முழு வெயிலும் தேவையே இல்ல, பாதியிலயே இலை நெறைஞ்சுடும், மிச்சம் சூடாத்தான் போகும். 1991ல பிலிப்பைன்ஸ்ல பினடுபோ எரிமலை வெடிச்சப்ப வானம் பூரா மெல்லிசா தூசி மாதிரி பரவி வெளிச்சம் சிதறுச்சு, அதுக்கு அடுத்த வருஷம் அமெரிக்காவுல ஹார்வர்டு காட்டுல மேகமில்லாத மத்தியான நேரத்து ஒளிச்சேர்க்கை 23 சதவீதம் பக்கம் கூடியிருந்துச்சுன்னு கணக்கு போட்டாங்க. நேர் வெயில் கொறைஞ்சும் காடு கூடுதலா சமைச்சிருக்கு.

உங்க நெட் அப்படிச் சிதறடிக்காது. ஓட்டை வழியா வர்றது அதே நேர் வெயில்தான், சின்னச் சின்னதா வெட்டி அனுப்புது, அவ்ளோதான். லக்ஸ் ஆப் நேர் வெயில், சிதறின வெளிச்சம் ரெண்டையும் கூட்டி ஒரே நம்பரா காட்டிடும்.

மிச்சத்தை அப்புறம் எழுதறேன், குக்கர் விசில் போடுது.

---

பண்ருட்டி பலாச்சுளை:

லதாம்மா சொல்றது மலைக்கு சரியா இருக்கலாம், எங்க ஊர்ல வந்து மேகம் நல்லதுன்னு சொன்னா அடிக்க வருவாங்க. முந்திரி பூ எடுக்கற நேரத்துல ஜனவரி பிப்ரவரியில நாலு நாள் மப்பு போட்டா போச்சு, தேயிலைக் கொசுன்னு சாறு உறிஞ்சற பூச்சி எறங்கிடும், பூங்கொத்து அப்படியே கருகி நிக்கும், தீ வச்ச மாதிரி. அதனால மேகம் போட்டா எங்களுக்கு வயித்துல புளியைக் கரைக்கும்.

ஆனா அந்த வாசல்ல சரக்கு எறக்கற விஷயம் எனக்குப் பட்டுனு புரிஞ்சுது. 2011 டிசம்பர் 30ல தானே புயல் அடிச்சு எங்க பக்கம் பலா முந்திரி எல்லாம் வேரோட சாஞ்சுது இல்ல, அப்ப ஒரு பலாவுக்கு அடியில மிளகுக் கொடி வச்சிருந்தேன், மரம் விழுந்ததும் கொடிக்கு அடி படல, தண்ணி இருக்கு, மண்ணு இருக்கு, எல்லாம் இருக்கு. ஒரு வாரத்துல இலை வெளுத்து பேப்பர் மாதிரி ஆயிடுச்சு. புயல் காத்துல உப்பு பட்டுச்சுன்னு நெனச்சுனு இருந்தேன் இத்தினி வருஷமா. நிழல்லயே வளந்தது மேல திடீர்னு முழு வெயில் விழுந்ததுதான் காரணமா தம்பிங்களா?

---

லாஸ்பேட்டை லதா:

அண்ணே, உப்பும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம், ஆனா நீங்க சொல்ற வெளுப்பு அச்சு அசல் அதுதான். முந்திரி விஷயத்துல நீங்க சொல்றது சரி, அங்க செடிக்கு வெளிச்சம் பத்தலன்னு பூ கருகல, மப்பும் ஈரமும் கொசுவுக்குத் தோதா இருக்கு, அது பூவை உறிஞ்சிடுது. மேகம் நல்லதா கெட்டதான்னு பொத்தாம் பொதுவா கேட்டா பதிலே கிடையாது, யாருக்கு, எந்த நேரத்துல, எவ்ளோ நேரம்னு கேக்கணும்.

விட்ட எடத்துல இருந்து தொடர்றேன். நிஜ மலையில மேகம் நம்ம ஐப்பசி மாசம் மாதிரி நாள் பூரா மூடிக்கினு நிக்கறது ஒரு வகை. வந்து வந்து போறது இன்னொரு வகை, அதுதான் செடிக்குப் பெரிய தலைவலி. ஒரு நிமிஷம் சுள்ளுனு வெயில், அடுத்த நிமிஷம் இருட்டு, திரும்ப வெயில். அதுவும் மேகத்தோட ஓரத்துல வெயில் எட்டிப் பாக்கும் போது நேர் வெயிலும் மேகத்து மேல பட்டுச் சிதறின வெளிச்சமும் சேந்து விழும், மேகமே இல்லாத நாளை விட அந்த நிமிஷம் வெளிச்சம் அதிகம். காத்து மண்டலத்துக்கு வெளிய சூரியன் சதுர மீட்டருக்கு 1361 வாட் கொடுக்குது, மேக ஓரத்துல சில நிமிஷத்துக்கு தரையிலயே அதையும் தாண்டறது உண்டு.

இந்த ஆட்டத்துல இலைத்துளை, அதாவது இலை காத்தை வாங்கி தண்ணியை ஆவியா விடற குட்டி ஓட்டை, என்ன செய்யும்? 1980கள் கடைசியில அமெரிக்காவுல வயோமிங்ல மெடிசின் போ மலையில ஆலன் நாப், வில்லியம் ஸ்மித்னு ரெண்டு பேர் இதைத்தான் அளந்தாங்க. தண்டு மரமாகாம மெத்துனு இருக்கற சின்னச் செடி எல்லாம் மேகம் வந்தவுடனே துளையை மூட ஆரம்பிக்குது, வெயில் வந்தா திறக்குது, தண்ணி மிச்சம். ஸ்ப்ரூஸ் மாதிரி ஊசியிலை மரம் மேகம் வந்தாலும் போனாலும் துளையைப் பெருசா அசைக்கறதில்ல, திறந்தே வச்சிருக்கு, அதனால வெயில் திரும்பின நொடியே சமையல் ஆரம்பம், ஆனா நடுவுல தண்ணி வீணா ஆவியாகுது. ஒருத்தர் கரண்ட் பில்லுக்குப் பயந்து ரூமை விட்டு வர்றப்ப எல்லாம் ஃபேனை நிறுத்துவாரு, இன்னொருத்தர் போயிட்டு வந்துடலாம்னு ஓட விட்டுப் போவாரு. ஃபேனாவது சுவிட்ச் போட்டா உடனே சுத்தும், துளை முழுசா திறக்க பல நிமிஷம் ஆகும், அதுக்குள்ள அடுத்த மேகம் வந்துடும். அதனால மூடறவனுக்கும் நஷ்டம் இருக்கு.

அப்புறம் சூடு. மலை உச்சியில காத்து ஜில்லுனு 8 டிகிரி இருந்தாலும், தரையோட ஒட்டி மெத்தை மாதிரி வளர்ற செடியோட இலை வெயில்ல 20 டிகிரியைத் தாண்டிப் போகும். மேகம் வந்தா சில நிமிஷத்துல மொத்தமும் எறங்கிடும். இங்கதான் பல பேர் தப்பா நெனைக்கறது. மேகத்துல வெளிச்சம் கொறைஞ்சு சமையல் நின்னு செடி பட்டினி கெடக்குதுன்னு நெனைப்பாங்க. அல்பைன் செடிக்கு சர்க்கரை பெரும்பாலும் போதும் போதும்னு இருக்கும். 5 டிகிரிக்குக் கீழ போனா புது செல் உண்டாகற வேலை கிட்டத்தட்ட நின்னுடும், அதுதான் பிரச்சனை. செங்கல்லு ஜல்லி எல்லாம் வந்து எறங்கியிருக்கு, கொத்தனார் வரல. வாரக்கணக்கா மேகம் மூடிக்கினா அல்பைன் செடிக்கு உண்மையான நஷ்டம் இந்த எடத்துலதான் அதிகம், ஏன்னா அதுக்கு வருஷத்துல கிடைக்கறதே ரெண்டு மூணு மாசம். மாடிக்காரருக்கு இன்னொண்ணு, அந்தச் சிதறின வெளிச்ச லாபம் அடுக்கடுக்கா இலை இருக்கற காட்டுக்குத்தான் பெருசு, ஒரு சாண் உயரத்துல மெத்தையா கெடக்கறதுக்கு அவ்ளோ இல்ல.

---

வில்லியனூர் நடையன்:

நான் ஒரு ஆகஸ்ட்ல உத்தரகாண்ட்ல மலர்ப் பள்ளத்தாக்கு போயிட்டு வந்தேன், படிப்பு கிடிப்பு எல்லாம் இல்ல, கண்ணால பாத்ததைச் சொல்றேன். காங்கரியாவுல ரூம் போட்டுத் தினம் ஏறணும். நாலு நாள்ல சூரியனைப் பாத்தது மொத்தம் மூணு மணி நேரம் இருந்தா அதிகம். மழை, மூடுபனி, மழை. ரெயின் கோட்டுக்கு உள்ள வேர்வை வெளிய தண்ணி. ஆனா பூ? கால் வைக்க எடம் இல்ல. அப்ப கைடு ஒரு விஷயம் சொன்னான், செப்டம்பர்ல மேகம் கலைஞ்சு வானம் நீலமா ஆச்சுன்னா டூரிஸ்ட்டுக்குக் கொண்டாட்டம், செடிக்குக் கதை முடிஞ்சுது, ராத்திரி உறைய ஆரம்பிச்சுடும், பதினஞ்சு நாள்ல பள்ளத்தாக்கு பழுப்பாயிடும்னு. இப்ப லதா மேடம் எழுதினதைப் படிச்சதும்தான் அது ஏன்னு வெளங்குது.

ஹேம்குண்ட் சாஹிப் ஏறற வழியில 4000 மீட்டருக்கு மேல பிரம்ம கமலம் பாத்தேன். பூன்னு நாம நெனைக்கற அந்த வெளிறின பச்சை இதழ் எல்லாம் இதழே இல்லையாம், பூவைச் சுத்தி இருக்கற ஒரு மாதிரி இலையாம், உள்ளதான் ஊதா நிறத்துல குட்டிக் குட்டிப் பூ. பட்டர் பேப்பர் சுத்தின பொட்டலம் மாதிரி இருக்கு. மழை உள்ள போகாது, வெளிச்சம் மட்டும் போகும். நம்ம ஊர்ல ராத்திரியில பூக்கற ஒரு கள்ளிப் பூவை பிரம்ம கமலம்னு வாட்ஸாப்ல அனுப்பறாங்களே, அது வேற, தயவு செஞ்சு நம்பாதீங்க.

---

லாஸ்பேட்டை லதா:

அருமை நடையன். பொட்டலம்னு சொன்னீங்களே, சிக்கிம் பக்கம் ரியம் நோபைல்னு ஒரு செடி இருக்கு, ஆள் உயரத்துக்கு வெளிறின மஞ்சள் இலையைக் கூடாரம் மாதிரி கவுத்துப் போட்டுக்கும், அந்தக் கூடாரம் புற ஊதாக் கதிரைத் தடுத்து சாதா வெளிச்சத்தை மட்டும் விடுது, வெயில் அடிச்சா உள்ள வெளிய விட நல்ல சூடு. இமயமலையில மழைக் காலமும் வளர்ற காலமும் ஒண்ணா வர்றதால அந்தச் செடிங்க வாழ்க்கையே மேகத்துக்கு அடியிலதான். வயோமிங் மாதிரி காலையில வெயில் மத்தியானம் இடின்னு போற மலைக்கும் இதுக்கும் வித்தியாசம் உண்டு. வயோமிங்ல ஜென்ஷியானா அல்கிடான்னு ஒரு அல்பைன் பூ, இடி மேகம் நெருங்கி குளிர் எறங்கினா சில நிமிஷத்துல வாயை மூடிக்கும், மகரந்தத்தை மழை அடிச்சுப் போகாம இருக்க. போனப்புறம் திரும்பத் திறக்கும். தொட்டாசிணுங்கிக்கே வாயைப் பொளக்கற பசங்க கிட்ட இதைச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.

ஈர இலையைப் பத்தி விட்டுட்டேன். மேகமே இலை மேல வந்து உக்காந்தா இலைத்துளை மேல தண்ணிப் படலம் கட்டும். காத்துல போறதை விட தண்ணிக்குள்ள கார்பன் டைஆக்சைடு பத்தாயிரம் மடங்கு மெதுவாத்தான் நகரும், மூக்கை ஈரத் துணியால பொத்தின மாதிரி. அதான் மலைச் செடி நெறையதுக்கு இலையில மயிர், மெழுகு, தண்ணி முத்து முத்தா நின்னு உருண்டு போற மாதிரி. அதே நேரம் சில செடி அந்த ஈரத்தை இலை வழியாவே குடிக்கவும் செய்யும். மாடிக்காரர் சாயந்திரம் தெளிச்ச தண்ணியும் இதுவும் ஒண்ணுதானேன்னு கேக்காதீங்க, அந்தத் தண்ணியைப் பத்தி வேற யாராச்சும் சொல்லட்டும்.

---

ஆரியங்குப்பம் நர்சரி:

சொல்றேன் மேடம். கஸ்டமர் பத்து பேர்ல ஏழு பேர் இதே கேஸ். சார், உங்க போர் தண்ணி டிடிஎஸ், அதாவது கரைஞ்சிருக்கற உப்போட அளவு, எவ்ளோ? கடலோரம்னா ஆயிரத்துக்கு மேல காட்டும். அசேலியா புளிப்பு மண்ணு கேக்கற செடி, உப்புத் தண்ணி, சுண்ணாம்புத் தண்ணி ரெண்டும் ஆகாது. அதைப் புடிச்சு இலை மேல தெளிச்சா தண்ணி காஞ்சு உப்பு நின்னுடும், மேகத்துத் தண்ணி கிட்டத்தட்ட காய்ச்சி வடிச்ச தண்ணி சார். அப்புறம் கருப்பு பிளாஸ்டிக் தொட்டியை சிமெண்ட் தரை மேல வச்சீங்களா? மேல நெட் இருக்கும், வேர் கீழ வெந்துனு இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேன், யாவாரம் போனாலும் பரவால்ல.

---

திருப்பாப்புலியூர் மாடிக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. டிடிஎஸ் மீட்டர் பக்கத்து வீட்டுல வாங்கிப் பாத்தேன், 1340. கருப்புத் தொட்டிதான், சிமெண்ட் தரைதான். அசிங்கமா போச்சு.

ஒரே ஒரு சந்தேகம் லதா மேடம். சரி, நல்ல தண்ணி ஊத்தறேன், மண்ணு மாத்தறேன், வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தைச் சிதற வைக்கறேன், அப்பவாவது வருமா?

---

லாஸ்பேட்டை லதா:

ராத்திரியை என்ன பண்ணுவீங்க? செடி ராத்திரி மூச்சு விடும், பகல்ல சேத்த சர்க்கரையை எரிக்கும். சூடு 10 டிகிரி ஏறினா அந்த எரிப்பு சுமாரா ரெட்டிப்பாகும். ஊட்டியில 8 டிகிரி ராத்திரின்னு வச்சுக்கோங்க, மே மாசம் கடலூர்ல 28. சுமாரா நாலு மடங்கு. கொஞ்ச நாள்ல செடி பழகி அதைக் கொறைச்சுக்கும், ஆனா முழுசா இல்ல. பகல்ல சம்பாதிக்கறதை ராத்திரியே தின்னுடும். நம்ம ஊர்ல ஜனவரி ராத்திரியே 20ஐ ஒட்டித்தான் நிக்குது. அங்க மேகம் ராத்திரி உறையாம காப்பாத்துது, இங்க மேகம் போட்டா ராத்திரி இன்னும் புழுங்கும், அதே போர்வைதான், ஊர் மாறிடுச்சு.

ஆசையா இருந்தா புதுச்சேரி தாவரவியல் பூங்கா பக்கம் ஒரு நாள் வாங்க. அங்க வேலை பாத்த பெரோத்தேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1830கள்லயே நீலகிரி ஏறி செடி சேகரிச்சவர். அந்தக் காலத்து ஆளுங்க மலைச் செடியைக் காய வச்சு பேப்பர்ல ஒட்டித்தான் கீழ கொண்டு வந்தாங்க, அதுதான் கெட்டியான வழி 😄

---

பண்ருட்டி பலாச்சுளை:

தம்பி, நெட்டை அவுத்துடாத, வெத்தலைக் கொடி வச்சுப் பாரு. தண்ணி மட்டும் மழைத்தண்ணி புடிச்சு ஊத்து.

---

திருப்பாப்புலியூர் மாடிக்காரன்:

நேத்து ராத்திரி 11 மணிக்கு தொட்டி மண்ணுல தெர்மாமீட்டர் குத்திப் பாத்தேன் மேடம், 31. மச்சானுக்கு போட்டோ அனுப்பினேன், நீல டிக் வந்துடுச்சு, பதில் வரல.

வெத்தலைக்கு எடம் இல்ல அண்ணே. அசேலியா தொட்டி ரெண்டுலயும் வீட்டம்மா கருவேப்பிலை வச்சாச்சு, நெட்டையும் அவங்களே அவுத்து வடாம் காயப் போட எடுத்துனு போயிட்டாங்க.